வர நினைத்தவர்களின் பொடுதலை

தாராபுரம் ஹவுசிங் யூனிட்டின் பதினேழாம் எண் வீட்டில், வர வேண்டுமென்று நினைத்தும் வராமல் போனவர்களின் காலடிகள் முன்வாசல் பொடுதலைக் கொடியில் பூவாய்ப் பூக்கத் தொடங்கியது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்று தண்ணீர் லாரியும் வரவில்லை என்பதால் அந்த நாள் யூனிட்டில் எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. இவ்விரண்டில் எதைப் பெரிய செய்தியாக முதலில் பேசினார்கள் என்று கேட்டால், உள்ளதைச் சொல்வதென்றால், தண்ணீர் லாரியைத்தான்.

அந்த வீட்டுக்காரர் சென்னியப்பன், பெரிய கடைவீதியில் 'சென்னியாண்டவர் காலணியகம்' என்னும் செருப்புக் கடையை முப்பத்தோராண்டுகளாக நடத்தி வருபவர். வாடிக்கையாளர் படியேறும்போதே முகத்தைப் பாராமல் காலைப் பார்த்து "ஏழு" என்றோ "எட்டு, அகலம்" என்றோ சொல்லிப் பெட்டியை உருவிவிடுபவர். ஊரில் பாதிப் பேரை அவர் கணுக்காலுக்குக் கீழேதான் அறிவார். ஒருமுறை தாசில்தாரை நேருக்கு நேர் பார்த்தும் வணக்கம் சொல்லாமல் நின்றவர், குனிந்து பேனாவை எடுக்கும்போது காலைக் கண்டு, "அடடா, நீங்களுங்களா!" என்று பதறினார் என்பது கடைவீதியில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுவது.

அவருக்கு வாசலில் பச்சை விரிப்பாக ஒரு புல்தரை வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கோயம்புத்தூரிலிருந்து கொரியன் புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி வேனில் கொண்டுவந்து விரித்தார். அது சித்திரையில் மஞ்சளாகி, ஆடிக் காற்றில் பழுப்பாகி, புரட்டாசியில் தேங்காய் நாராகிவிட்டது. அதன்பின் ஒருநாள் அமராவதி வாய்க்கால் மேட்டில் நடந்து போகையில், லாரிச் சக்கரம் ஏறிய தடத்திலும், மாடு மிதித்த குழியிலும், ஒருவரும் நீர் வார்க்காமலே படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டு, மிளகளவு வெண்பூவும் வைத்திருந்த பொடுதலையைப் பார்த்து நின்றார். ஒரு கோணிப்பை நிறையக் கொடி அறுத்து வந்தார்.

"பொடுகுக்கு எண்ணெய் காச்சற செடிய வாசல்ல நடறீங்களே, ஊர்ல ஆருக்குத் தலை அரிக்குதுங்க?" என்றார் அவர் மனைவி சாந்தாமணி.

"நீ பேசாம இரு அம்மணி. மிதிச்சாச் சாகாது, காஞ்சாச் சாகாது. இந்த மாதிரி ஒண்ணு கொரியாவுல இருந்தா அவன் எதுக்குப் புல்லு விக்கறான்?"

ஐப்பசி மழைக்கு முன்பே மண்ணை ஒரு சாண் கொத்தி, கல் பொறுக்கி, மக்கிய சாணத்தூளைத் தூவி, சாணுக்கு ஒன்றாகக் கணுத்துண்டுகளைப் பதித்து, இருபது நாள் பூவாளியால் நனைத்தார். பின்பு அது அவரைக் கேட்கவில்லை. கார்த்திகையில் துண்டும் துண்டும் கைகோர்த்தன. மார்கழியில் மண் தெரியவில்லை. பன்னிரண்டடிக்கு இருபதடி நீள்சதுரமாக அது இருக்க வேண்டும் என்பது சென்னியப்பனின் சட்டம். ஞாயிறுதோறும் நூல் கட்டிப் பிடித்து, நூலைத் தாண்டி நீண்ட கொடிகளைக் கதிரரிவாளால் அறுத்துவிடுவார். பக்கச் சந்துக்குள் அது எட்டிப் பார்க்கவே கூடாது. பின்கட்டில் துவைக்கும் கல்லும் கொடிக்கயிறும் இருக்கின்றன; வருகிறவர்கள் பார்ப்பது முன்வாசலைத்தானே?

அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்த சென்னியப்பன், பொடுதலைப் பூக்கள் வழக்கம்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லாமல், குதிகாலும் உள்ளங்காலும் ஐந்து விரலுமாகச் செறிந்து, கேட்டிலிருந்து வாசற்படி வரை வெள்ளையாய் நடந்து வந்திருப்பதைக் கண்டார். கண்டதும் அவர் வியக்கவில்லை. தொழில் வழக்கப்படி அளவைத்தான் சொன்னார்.

"எட்டு. தட்டைப் பாதம். இது நம்ம பிளம்பர் அர்த்தநாரி காலு."

அர்த்தநாரி என்பவர் அந்த யூனிட்டின் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் ஒரே குழாய்க்காரர். "நாளைக்குக் காலைல வந்தர்றனுங்க" என்று சொல்லிச் சொல்லியே நரைத்தவர். அவர் காலுக்கு அருகில் ஆறாம் அளவில் ஒரு பெண்ணின் காலும், அதற்கும் அருகில் ஒரு சாணுக்கும் குறைந்த இரண்டு பிஞ்சுக் கால்களும் குதித்துக் குதித்து வந்திருந்தன. அது திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள் யமுனாவின் காலும் பேரன் காலும் என்று சொல்ல அவருக்கு அரை நொடி போதுமானதாக இருந்தது. சாந்தாமணி உடனே போனைப் போட்டார்.

"ஏன் கண்ணு, நேத்து இங்க வரணும்னு நெனச்சியா?"

"ஆமாம்மா, கிளம்பலாம்னு பைகூட எடுத்தேன், தம்பியும் செருப்ப மாட்டிட்டு நின்னான். அதுக்குள்ள இவங்க சைடுல ஏதோ விசேசம்னு… உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூத்திருக்குது," என்றார் சாந்தாமணி.

நாலைந்து நாளில் அந்தச் செடியின் நியாயம் பிடிபட்டுவிட்டது. மெய்யாகவே நடந்து வந்தவர்கள் மிதித்த இடத்தில் பச்சை அப்படியே இருந்தது. வர நினைத்து, மனத்தால் புறப்பட்டு, உடம்பால் வராதவர்களுக்கு மட்டுமே மறுநாள் காலையில் பூ வந்தது. உச்சிவெயிலில் அது வாடி உதிர்ந்தது. வந்த கால்கள் எல்லாமே வெறுங்கால்கள். மனம் புறப்படும்போது செருப்பு மாட்டிக்கொள்வதில்லை என்பது, முப்பத்தோராண்டு அந்த வியாபாரத்தில் இருந்தவருக்குச் சற்றே மனவருத்தம் தந்த செய்தி.

யூனிட்டுக்காரர்கள் அதிசயத்தைச் சோதிடரிடமும் கொண்டுபோகவில்லை, செய்தித்தாளுக்கும் எழுதவில்லை. ஆளுக்கொரு பை கொண்டுவந்து கணுத்துண்டு கேட்டார்கள். மாசி முடிவதற்குள் இருபத்தெட்டு வீட்டு வாசலில் பொடுதலை படர்ந்துவிட்டது; அதோடு, அந்த வட்டாரத்தில் பேச்சு வழக்கில் முன்னூறு ஆண்டுகளாவது இருந்திருக்கக்கூடிய ஒரு சொற்றொடர் செத்துப்போயிற்று. "நேத்தே உங்க வூட்டுக்கு வரணும்னு நெனச்சனுங்க" என்று இனி யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், கேட்டவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு வாசலைப் பார்ப்பார்.

இதில் முதலில் அடிபட்டவர் பதினெட்டாம் எண் கோதைநாயகியம்மாள். தேன் ஒழுகப் பேசுவதில் அவருக்கு இணை கிடையாது. சாந்தாமணிக்குக் கால் சுளுக்கியிருந்த பத்து நாளும் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தபடியே, "உங்களைப் பாக்கணும் பாக்கணும்னு மனசு கெடந்து துடிக்குதுங்க்கா" என்றவர். அவருடைய ஏழாம் அளவுக் கால் ஒரு நாளும் பூக்கவில்லை.

"செடிக்கு என்னைத் தெரியாதுங்க, அதான்," என்று அவர் சமாளித்தார்.

"தெரியாதவங்க காலும் வருதுங்களே, கோதை. நேத்து ஒரு பேங்க்காரன் காலு வந்துருக்குது," என்றார் சாந்தாமணி, முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல்.

உயர்ந்தவர் பிளம்பர் அர்த்தநாரி. இருபத்தெட்டு வாசலில் இருபத்தாறில், நாள் தவறாமல், அவருடைய தட்டைப் பாதம் பூத்தது. மனிதர் பொய்யே சொல்லவில்லை; ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாளும் உண்மையாகவே வரத்தான் நினைத்திருக்கிறார் என்று அறிந்தபோது, ஒழுகும் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் பெண்கள் நெகிழ்ந்துபோனார்கள். அவரைத் திட்டுவது நின்றது. குழாய் ஒழுகுவது நிற்கவில்லை.

குடியிருப்போர் நலச் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: அடுத்த வீட்டுப் பூவைச் சுவருக்கு மேலாக எட்டிப் படிக்கக் கூடாது, பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்களின் காலடியைக் காலை ஒன்பது மணிக்கு மேல் படம் எடுத்து அனுப்பக் கூடாது, வாக்குக் கேட்டு வந்தபோது 'அடிக்கடி வருவேன்' என்று சொன்ன கவுன்சிலரின் கால் எந்த வாசலிலும் காணப்படாததைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் அரசியல் பேசக் கூடாது. ஐந்தாறு வீட்டுக்காரர்கள் மட்டும், யார் நினைக்கிறார்கள் என்று தெரிவதைவிடத் தெரியாமல் இருப்பதே நிம்மதி என்று வாசலுக்குச் சிமென்ட் போட்டுவிட்டார்கள்.

முப்பதாம் எண்ணில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் இராயப்பனின் வாசலில் பங்குனி முழுவதும் ஒரு பூவும் இல்லை. அவர் காலையில் நாற்காலி போட்டு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெருவுக்கே தாளவில்லை. சங்கம் ரகசியமாக ஒரு முறை ஏற்படுத்தியது. திங்கட்கிழமை முதல் ஐந்து வீட்டார், செவ்வாய்க்கிழமை அடுத்த ஐந்து வீட்டார் என்று ஆளுக்கொரு நாள் ஆசிரியர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மனதார நினைக்க வேண்டியது. "அதுக்கு நேராவே போயிட்டு வந்தர்லாமல்லங்க?" என்று அர்த்தநாரி கேட்டதற்கு, "போனா அவரு காப்பி போடுவாரு, பழைய கதை சொல்லுவாரு, ரெண்டு மணி நேரம் ஆயிருமப்பா," என்றார் செயலாளர். செடி ஏமாறவில்லை, முறைக்காக நினைத்தவர்களின் கால் ஒன்றுகூடப் பூக்கவில்லை. கடைசியில் வெட்கப்பட்டு, நிஜமாகவே இருவர் இருவராகப் போய்க் காப்பி குடித்தார்கள். வாசல் பச்சையாகவே இருந்தது. ஆசிரியர் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவே சென்னியப்பன் நாள்தோறும் காலையில் பூக்களை வாசித்து முடித்தபின், எதையோ தேடுகிறவர்போல இன்னொரு முறை கேட்டுவரை நடந்துவிட்டு வருவார். எதைத் தேடுகிறார் என்பது சாந்தாமணிக்குத் தெரியும். சாந்தாமணிக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அளவு ஐந்து, முன்பக்கம் அகலம், வலக்காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்: அது அவருடைய ஒரே தங்கை ஈஸ்வரியின் கால்.

ஈஸ்வரி இருப்பது காங்கயத்தில். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். ஆறு ஆண்டுகளாக அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. யமுனாவின் கல்யாணத்துக்கு ஆயிரத்து நூறு வீடு அழைக்க வேண்டியிருந்தது; நாள் நெருங்கிவிட்டது. காங்கயத்தில் கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், சென்னியப்பன் மனைவியையும் அழைத்துவராமல், தட்டும் வெற்றிலை பாக்கும் பழமும் இல்லாமல், தங்கை கணவர் நாச்சிமுத்துவின் செக்கெண்ணெய்க் கடைக்குள் நுழைந்து, எண்ணெய்ப் பிசுக்கு மேசைமேல் பத்திரிகையை வைத்து, "மாப்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஈஸ்வரிகிட்டச் சொல்லிருங்க" என்று ஓடிவிட்டார். வீடு அங்கிருந்து இரண்டு தெரு. ஆயிரத்து நூறு வீட்டிலும் கணவன் மனைவியாய்ப் போய்ப் பாயில் நிற்கவைத்துத் தட்டு நீட்டியவர், முதலில் போக வேண்டிய வீட்டில் மட்டும் படியேறவில்லை.

"எங்கண்ணன் கூப்பிட வந்தாரா, எண்ணெய் வாங்க வந்தாரா?" என்று ஈஸ்வரி கேட்டதாகக் கேள்வி. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. பெண்ணின் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பெரியம்மாள் நின்றார். "கூடப் பொறந்தவளுக்கு அழைப்பு ஒரு கேடா? வரணும்னு இருந்தா வந்திருக்க மாட்டாளா?" என்று சென்னியப்பன் அன்று மண்டபத்தில் பொரிந்தவர்தான், அப்புறம் அந்தப் பேரை வீட்டில் எடுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் தீபாவளிக்குப் புதுச் சரக்கு வரும்போது, ஐந்தாம் அளவில் முன்பக்கம் அகலமான ஒரு ஜோடியை எடுத்துக் கடையின் மேல்தட்டில் தனியே வைப்பார். அங்கே இப்போது ஆறு பெட்டிகள் இருந்தன. யாராவது அந்த அளவு கேட்டால், "இல்லீங்க" என்பார்.

அப்படியிருக்க, எங்கிருந்தோ வங்கிக்காரன் கால் வருகிறது, பேரன் கால் வருகிறது, ஒருமுறை கேட்டை அடைத்திருந்ததால் உள்ளே வர நினைத்துத் திரும்பிப்போன ஆட்டின் குளம்புகூட வந்திருக்கிறது. அந்த ஐந்தாம் அளவுக் கால் மட்டும் வரவில்லை. செடி வருவதற்கு முன்பு, அவளும் நினைத்துக்கொண்டுதான் இருப்பாள் என்று எண்ணிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. இப்போது ஒவ்வொரு காலையும் இல்லை இல்லை என்று பச்சையாகவே சொன்னது.

"நெனைக்கக்கூட இல்லை பாத்தியா," என்றார் ஒருநாள், பல்குச்சியைத் துப்பிவிட்டு, யாரைப் பற்றி என்று சொல்லாமல்.

"நீங்க நெனைக்கறீங்களாக்கும்?" என்றார் சாந்தாமணி, அவரும் சொல்லாமல்.

"நான் எதுக்கு நெனைக்கோணும்? மூத்தவன் நானு."

அடுத்த ஞாயிறு கணவர் நூல் பிடித்து அறுத்துப்போட்ட கொடிகளில் ஒரு பிடியைச் சாந்தாமணி ஈரத்துணியில் சுற்றி, காங்கயத்தில் மச்சினன் வீட்டுக்குப் போகவிருந்த அர்த்தநாரியிடம் கொடுத்து, "ஈஸ்வரிகிட்டக் குடுத்து வாசல்ல நடச் சொல்லு. நங்கை குடுத்துவிட்டாங்கன்னு மட்டும் சொல்லு; வேற ஒரு வார்த்தை வேண்டாம்," என்றார். ஈஸ்வரி தன் அண்ணியைக் கூப்பிடுவது நங்கை என்றுதான். எந்த வேலையையும் நினைத்தமட்டில் விட்டுவிடும் அர்த்தநாரி, இந்த ஒரு வேலையை மட்டும் போய்ச் செய்தே முடித்தார்.

வைகாசி கடைசியில் அவர் மறுபடியும் காங்கயம் போய்வந்து, நேரே சென்னியாண்டவர் காலணியகத்தில் ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்து, கூட்டம் இருக்கிறதே என்றும் பாராமல் கேட்டார்:

"ஏனுங்ணா, உங்க காலு ஒம்பதுதானுங்களே? எடக்கால் குதி வெளிய சாஞ்சிருக்குமுங்களே?"

"ஆமா. எதுக்கு?"

"ஒண்ணுமில்லீங்ணா. உங்க தங்கச்சி வூட்டு வாசல்ல தெனமும் பூக்குதுங்க. ஒருநாள் ரெண்டு நாளில்லீங்க, தெனமும். தெரு மொனையிலிருந்து கேட்டு வரைக்கும் வருது, கேட்டுகிட்ட நாலு தரம் முன்னும் பின்னுமா நடக்குது, அப்பறம் திரும்பிப் போயிருது. ஈஸ்வரியக்கா அதைப் பாத்துட்டு, 'இன்னைக்கும் எங்கண்ணன் கேட்டுக்கு மணியடிக்கத் தெரியாமப் போயிட்டாரு'ன்னு சொல்லித்தானுங்க காப்பியே குடிக்கறாங்க. தெருவே வந்து பாக்குது."

செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் ஒற்றைக் காலோடு நின்று சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒம்பது நெம்பர்க் காலு இந்த ஜில்லாவுல பத்தாயிரம் பேருக்கு இருக்குது," என்றார் அவர். முப்பத்தோராண்டில் அவர் ஒரு காலைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் முதல் அவர் முன்வாசலுக்கு வருவதை விட்டார். தன் மனம் தனக்குத் தெரியாமல், அதுவும் வெறுங்காலோடு, நாள்தோறும் காங்கயம் போய் நாலு தரம் உலாத்திவிட்டு வருகிறது என்பதும், அதைக் காங்கயத்துக்காரர்கள் காப்பிக்கு முன் பார்க்கிறார்கள் என்பதும் அவரால் ஜீரணிக்க முடியாததாக இருந்தது. போகவே கூடாது என்று இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், உட்கார்ந்த நாளன்று இரண்டு நடையாகப் பூத்ததாம்; அர்த்தநாரிதான் அதையும் வந்து சொன்னார். பொடுதலையின்மேல் கோபம். நூலும் கதிரரிவாளும் ஆணியில் தொங்கின. நாளிதழை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், துவைக்கும் கல்லின்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஞாயிறு ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, ஆடி பிறந்து காற்றும் எழுந்தது. அறுப்பாரில்லாத பொடுதலை, நூல் இருந்த கோட்டை ஒரு நாளில் தாண்டி, பக்கச் சந்தின் சாக்கடை ஓரமாகக் கணுவுக்குக் கணு வேரூன்றி, குளியலறைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே மூலை திரும்பி, துவைக்கும் கல்லைச் சுற்றி, பின்கதவுக்கும் சமையலறைப் படிக்கும் நடுவே இருந்த ஈரமண்ணையெல்லாம் பிடித்துக்கொண்டது. நாளிதழுக்குப் பின்னால் இருந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆடி இருபதாம் தேதி காற்று அந்த நாளிதழைப் பறித்துக்கொண்டு போயிற்று. பிடிக்க எழுந்தவர் அப்படியே நின்றார்.

பின்சந்துக் கதவிலிருந்து சமையலறைப் படி வரைக்கும் வெள்ளையாக ஒரு பாதை கிடந்தது. ஒரு நடை இரு நடை அல்ல. காலின்மேல் கால், அதன்மேல் கால் என்று பூவின்மேல் பூ செறிந்து, பச்சையே தெரியாத பாதை. கல்லுக்கு அருகே கால் கழுவ நின்ற தடம். படியடியில் இரண்டு பாதமும் சேர்ந்து, வெகுநேரம் நின்று பேசியவர் நின்ற தடம். அளவு ஐந்து, முன்பக்கம் அகலம், வலச் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு குந்தினார். ஈஸ்வரி எந்தக் காலத்தில் இந்த வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்தாள்? பேருந்தைவிட்டு இறங்கினால் பின்சந்துதான் குறுக்கு வழி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கல்லடியில் காலைக் கழுவி, "நங்கை, என்ன கொழம்பு?" என்று படியில் நின்று கேட்டு, அப்புறம்தான் அண்ணன் இருக்கிறாரா என்றே விசாரிப்பாள். முன்வாசல் விருந்தாளிகளுக்கு. பன்னிரண்டுக்கு இருபது என்று நூல் பிடித்து, இந்தப் பக்கம் வந்த கொடியையெல்லாம் ஞாயிறுதோறும் அறுத்து எறிந்தது யார்?

அதைவிடவும் அவரை அறுத்தது வேறொன்று. அவருடைய கால் காங்கயத்தில் கேட்டோடு திரும்பியது. இவள் கால் கதவோடு திரும்பவே இல்லை; ஒவ்வொரு நடையும் படியேறியிருந்தது.

"சாந்தா," என்று கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். "தட்டெடு. வெத்தலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வை. பட்டுச்சேலை கட்டிக்க."

சாந்தாமணி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். படியடியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "ஆரு வூட்டுக் கல்யாணமுங்க?"

"நம்ம யமுனா கல்யாணம். இன்னும் ஒரு வீடு கூப்பிட வேண்டியிருக்குது."

பீரோவில் சேலைகளுக்கு அடியில், எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, மிச்சமான பத்திரிகைகள் ஏழெட்டு இருந்தன. மூலைக்கு மஞ்சள் தடவினார்கள். கடையைத் திறந்து மேல்தட்டின் ஆறு பெட்டிகளையும் இறக்கிக் கட்டிக்கொண்டார். தட்டைச் சாந்தாமணி மடியில் வைத்துக்கொள்ள, பெட்டிகளைச் சென்னியப்பன் மடியில் வைத்துக்கொள்ள, ஒரு கல்யாணத்துக்கு ஆறு ஆண்டு தாமதமாக அழைக்கப் போகிற இருவரையும் சுமந்துகொண்டு பேருந்து காங்கயம் போயிற்று.

ஈஸ்வரி வாசலில் பூவாளியோடு நின்றிருந்தார். அன்றைக்கும் கேட்டருகில் ஒன்பதாம் அளவு முன்னும் பின்னுமாகப் பூத்திருந்தது. அண்ணன் அந்தப் பூவின்மேலேயே செருப்புக் காலோடு வந்து நின்றதைப் பார்த்தும் பூவாளியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க நங்கை," என்றார். பிறகு, "உங்ககூட வந்திருக்கறவரு ஆருங்க? பூவாத்தான் பாத்திருக்கறேன், நேர்ல பாத்ததில்லை."

"போதும் ஈஸ்வரி," என்றார் சாந்தாமணி. "மனுசன் பஸ்ஸுல வாயே தொறக்கல. கேட்டத் தொற."

"தாப்பாள் போடலீங்க. ஆறு வருசமாப் போடல. தள்ளினாத் தொறக்கும், தள்ளத்தான் ஆளில்லை."

சென்னியப்பன் தள்ளினார். திறந்தது.

"மாப்ள எங்க? ரெண்டு பேரும் வந்து பாயில நில்லுங்க. கூப்பிட வந்திருக்கறோம்," என்றார்.

நாச்சிமுத்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கடையிலிருந்து ஓடிவந்து, பத்திரிகையைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் மனைவி பக்கத்தில் போய் நின்றார். சாந்தாமணி குங்குமம் வைத்தார். கணவனும் மனைவியுமாகத் தட்டைப் பிடித்து நீட்டினார்கள்.

"எம் மவ யமுனாவுக்குக் கல்யாணமுங்க. மொத வூடு இதுதானுங்க. நீங்க வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்."

ஈஸ்வரி தட்டை வாங்கவில்லை. அண்ணன் காலையே பார்த்தார். "முகூர்த்தம் எப்பங்ணா?" என்றார்.

"ஆறு வருசத்துக்கு முந்தின ஆவணி பதினொண்ணு."

"நெம்ப நெருங்கிட்டுதே," என்றார் ஈஸ்வரி, தட்டை வாங்கிக்கொண்டு. அதற்குள் கண் நிறைந்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு சேலையாவது எடுத்திருப்பேன்."

"சாப்பாடு இன்னும் இருக்குமுங்களா மச்சான்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

அன்று மாலை வரை அங்கே என்னென்ன பேசினார்கள், எவ்வளவு திட்டு விழுந்தது என்பதையெல்லாம் சென்னியப்பன் பிறகு யாரிடமும் விவரிக்கவில்லை. ஆறு பெட்டியையும் பிரித்து ஆறு ஜோடியையும் ஈஸ்வரி வரிசையாகப் போட்டு நடந்து பார்த்தார் என்பதும், "நாலாவது வருசத்துது கொஞ்சம் கடிக்குதுங்ணா" என்றார் என்பதும் மட்டும் சாந்தாமணி சொல்லித் தெரிந்தது. எப்போது வருகிறாய் என்று அண்ணனும் கேட்கவில்லை. வருகிறேன் என்று தங்கையும் சொல்லவில்லை. அந்த ஊர்களில் அப்படிச் சொல்லும் வழக்கம் ஒழிந்து ஐந்து மாதமாயிற்று.

மறுநாள் காலையில் சென்னியப்பன் வெகுநாளைக்குப் பிறகு முன்வாசலுக்கு வந்தார். அர்த்தநாரியின் தட்டைப் பாதம் ஒன்று பூத்திருந்தது. அதற்கு ஒரு வணக்கம் வைத்தார். ஆணியில் தொங்கிய நூலைப் பார்த்தார். அது தொங்கட்டும் என்று விட்டுவிட்டு, பக்கச் சந்தின் வழியாகக் கொடியை மிதிக்காமல் சுவரோரமாகக் கால் வைத்துப் பின்கட்டுக்குப் போனார்.

அங்கே ஒரு பூ இல்லை. நேற்றுவரை வெள்ளையாகக் கிடந்த பாதை முழுவதும், கதவிலிருந்து படிவரை, அடித்துத் துவைத்த துணிபோலப் பச்சை. கூப்பிட்டதோடு அவள் குறையும் தீர்ந்து, கூடவே ஆசையும் தீர்ந்துபோயிற்றோ? ஆறு ஆண்டாக நாள் தவறாமல் வந்தவளை ஒரே நாளில் போய் நிறுத்திவிட்டு வந்துவிட்டேனோ? துவைக்கும் கல்வரைக்கும் நடந்தார். கல் நனைந்திருந்தது.

அப்போதுதான் படியடியைப் பார்த்தார். பச்சைக்கு நடுவில், ஒன்றையொன்று ஒட்டி, மூக்கைச் சமையலறைப் பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு ஜோடிச் செருப்புக் கிடந்தது. அளவு ஐந்து, முன்பக்கம் அகலம், போன தீபாவளிச் சரக்கு. உள்ளே இருந்து இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது; ஒருவர் குழம்பில் புளி போதாது என்றார், மற்றவர் போதும் என்றார்.

சென்னியப்பன் குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த சந்து மண்ணைத் தம் வேட்டி நுனியால் துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் அதே வாக்கில் வைத்துவிட்டு, அந்தச் சண்டையில் யார் பக்கம் பேசுவது என்று யோசித்தபடி படியேறினார்.